தண்ணிப் பக்கம் சாய்

நான் சொன்னதைக் கேட்டதால்தான் என் மகள் அன்றைக்கு ஆற்றில் கவிழ்ந்தாள். இதை இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததோடு நிற்கவும் இல்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, நாலு பேர் முன்னால், "சொன்ன பேச்சக் கேட்டாத்தானே" என்று திட்டினேன். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதை எழுதிவிட வேண்டும்.

நடந்தது 2023 ஆகஸ்டில், கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரிக்குப் பக்கத்தில் உள்ள புலிக்கயத்தில். மலபார் ரிவர் ஃபெஸ்டிவல் என்று 2013இலிருந்து அங்கே மழைக்காலத்தில் கயாக் போட்டி நடக்கிறது. கொரோனா வந்தபோது மட்டும் இடையில் நின்றது. மலையிலிருந்து பாறை பாறையாகக் குதித்து வரும் சாலிப்புழையிலும் இருவழிஞ்சிப் புழையிலும் படகை விட்டு, யார் முதலில் கீழே வந்து சேர்வது என்பதுதான் ஆட்டம். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவார்கள். எல்லாப் பந்தயமும் சேர்த்து முந்துகிற ஆணுக்கு ரேபிட் ராஜா, பெண்ணுக்கு ரேபிட் ராணி என்று பட்டம். அந்தப் பட்டத்துக்கெல்லாம் நாங்கள் போகவில்லை. இடைநிலைப் பிரிவில் நான் ஒன்று, அவள் ஒன்று என்று பெயர் கொடுத்திருந்தோம். எனக்கு நாற்பத்தாறு வயது. அவளுக்குப் பதினேழு என்பதால் அவளுக்கான ஒப்புதல் தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நாங்கள் மரக்காணம். உப்பளம்தான் பிழைப்பு. ஓடுகிற தண்ணீர் எங்கள் தொழிலுக்கு ஆகாது. எங்கள் வேலையே தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான். உப்பங்கழித் தண்ணீரை ஒரு தொட்டியில் நிறுத்தி, வெயில் குடித்தது போக மிச்சத்தை அடுத்த தொட்டிக்குத் திறந்து, அங்கேயும் நிறுத்தி, தண்ணீரின் அடர்த்தியை டிகிரியில் பார்த்துக்கொண்டே வருவோம். இருபத்தைந்து டிகிரி வந்தால் பாத்தியில் உப்புப் பூக்கும். முப்பதை நெருங்கினால் மிச்ச நீரை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் உப்பு கசக்கும். ஆகஸ்டில் எங்கள் ஊரில் தலை நிமிர்ந்து பார்க்க முடியாது, வெள்ளை கண்ணைக் குத்தும். மலைக்கு அந்தப்பக்கம் அதே ஆகஸ்டில் ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக ஓடும். அங்கே போய்ச் சேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபோதே, இது நமக்குத் தெரிந்த தண்ணீர் இல்லை என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

புரியாமல் போனதற்குக் காரணம் கர்வம். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்வதை, அங்கே எங்களுக்குக் கயாக் பயிற்சி கொடுத்த பையன்களிடம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் வருஷமாகக் கடலோடும் கழியோடும் வாழ்கிறவர்கள், எங்களுக்கு நீங்கள் தண்ணீரைப் பற்றி என்ன சொல்லித்தரப் போகிறீர்கள் என்கிற நினைப்பு.

கயாக் எங்களுக்கு வந்ததே தற்செயலாக. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதியை மூடினபோது பழைய பிளாஸ்டிக் படகு இரண்டைச் சல்லிசாகக் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது. காக்கிநாடாவிலிருந்து ஏறத்தாழ 796 கிலோமீட்டர் வருகிற பக்கிங்காம் கால்வாய் எங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் முடிகிறது. அந்தக் கால்வாயில் பழகினோம். பிறகு எடையன்திட்டு முகத்துவாரத்துக்குப் போனோம். கழுவெளியில் சேர்கிற தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போகும். கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக ஆனது. அந்தப்பக்கம் நாங்கள் படகைக் கொண்டுபோவதில்லை, முகத்துவாரத்தோடு சரி.

அங்கேதான் அவளுக்கு எல்லாமே சொல்லிக்கொடுத்தேன். முகத்துவாரத்தில் அலை உடையும். படகுக்குப் பக்கவாட்டில் அலை வந்தால் எல்லோருக்கும் பயத்தில் உடம்பு கரைப் பக்கம் சாயும். சாய்ந்தால் உருட்டிவிடும். அலை வருகிற பக்கமே சாய வேண்டும், துடுப்பை அலையின் மேல் வைத்து அதன்மேல் உடம்புப் பாரத்தைக் கொடுக்க வேண்டும். நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கத்துவேன்: "தண்ணிப் பக்கம் சாய்! தண்ணிப் பக்கம்!" நூறு தடவை இல்லை, ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். உப்பளத்தில் வளர்ந்தவர்களுக்குக் கத்தாமல் பேச வராது. காற்று அப்படி. வரப்பில் நின்று ஒரு குரல் விட்டால் நாலு பாத்தி தாண்டிப் பலகை போடுகிறவர் திரும்பிப் பார்க்க வேண்டும். என் அப்பா என்னை அப்படித்தான் வளர்த்தார். அவர் குரல் கேட்டால் என்ன சொன்னார் என்று புரிவதற்கு முன்னாலேயே என் கால் நடந்துவிடும். என் மகளையும் நான் அப்படித்தான் பழக்கினேன்.

2022 மழைக்காலத்தில் முதல்முறையாகக் கோடஞ்சேரிக்குப் போனோம். பயிற்சி கொடுத்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. கவிழ்ந்த படகை இடுப்பை வெட்டி நிமிர்த்துவதற்கு ரோல் என்று பெயர். அதை அவள் எங்கள் ஊர்க் கழியிலேயே, உப்புத் தண்ணீரில் கண் சிவக்கச் சிவக்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள், அதில் அவனுக்கு ஆச்சரியம். பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் இடத்தில் எப்படி நுழைந்து இளைப்பாறுவது, வேகத்தை எப்படிக் குறுக்கே கடப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தந்தான். முக்கியமாக ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னான். படகு பக்கவாட்டில் பாறைமேல் போய் மோதினால் பாறையைக் கட்டிப் பிடி. உடம்பு பாறைப் பக்கம்தான் சாய வேண்டும். பயந்து மறுபக்கம் சாய்ந்தால், வருகிற தண்ணீர் படகின் விளிம்பில் ஏறி அமுக்கிக் கவிழ்த்துவிடும்.

கடலுக்கு நேர் எதிர். கடலில் தண்ணீர் வருகிற பக்கம் சாயணும், ஆற்றில் பாறைமேல் மோதினால் தண்ணீர் போகிற பக்கம் சாயணும். இதை நானும்தான் கேட்டேன். தலையாட்டினேன்.

போட்டியன்று காலையில் என் சுற்று. நாலைந்து படகுகள் ஒன்றாகக் கிளம்பும், இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தேன். ஆனால் வளைவில் இருந்த அந்தப் பெரிய பாறையைத் தொடாமல் வந்துவிட்டேன். அது போதாதா, பாறையின் குணமே எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி, ஈர உடம்போடு ஓடி அதற்கு எதிர்க் கரையில் போய் நின்றேன்.

அவள் இரண்டாவதாக வந்தாள். பின்னால் வந்த படகின் மூக்கு அவள் படகின் வாலைத் தட்டியது. படகு குறுக்கே திரும்பி, இடது பக்கமாகப் பாறையை நோக்கிப் போனது. அப்போது நான் பார்த்ததை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். அவள் இடது கை துடுப்பை விட்டு நீண்டு பாறையைத் தொடப் போயிற்று. உடம்பும் அந்தப் பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. சரியாகச் செய்துகொண்டிருந்தாள்.

நான் கத்தினேன். "தண்ணிப் பக்கம் சாய்!"

ஆற்றில் கற்றது எதுவும் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை. வந்தது எடையன்திட்டு. அத்தனை இரைச்சலிலும் என் குரல் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. போய்ச் சேரும்படிதானே பத்து வயதிலிருந்து பழக்கியிருந்தேன். நீட்டிய கை திரும்பியது. உடம்பு வலப்பக்கம் சாய்ந்தது. அவ்வளவுதான், படகின் அடிவயிறு மேலே தெரிந்தது.

ஒருமுறை ரோல் போடப் பார்த்தாள், பாறை இடம் தரவில்லை. இடுப்பைச் சுற்றிப் படகை மூடியிருக்கும் துணியை இழுத்துக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தலைக்கவசம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி கீழே தெரிந்தது. அங்கே கயிற்றோடு நின்றிருந்த ஒருவர் "ரோப்!" என்று ஒரே ஒரு சொல் சொல்லி வீசினார். கயிறு அவள் மார்பின் குறுக்கே விழுந்தது. முழங்காலில் ஆழமான வெட்டு, தோளில் பிசகு. வேறொன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் நான் அவளைத் திட்டினேன்.

அன்று சாயங்காலம் பயிற்சியாளர் பையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "சேட்டா, பாறைப் பக்கம்தானே சாயணும். அவளுக்கு அது நல்லாத் தெரியும். ஏன் மாறிச் சாஞ்சான்னு புரியல" என்றான். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டான். அவன் நின்ற இடத்துக்கு என் குரல் கேட்டிருக்காது. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "பயந்திருப்பா" என்றேன்.

மறுநாள் பேருந்து முக்கம் வழியாகப் போனது. பக்கத்தில் இருந்த பெரியவர் பாலத்திலிருந்து ஆற்றைக் காட்டி, 1982இல் படகு கவிழ்ந்தபோது மற்றவர்களைக் கரையேற்றப் போன மொய்தீன் செத்துப்போனது இந்த இருவழிஞ்சியில்தான் என்றார். அந்தக் கதையைப் படமாக எடுத்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஜன்னல் வழியாகத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபரில் மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்துக்கு ஓலை போட்டுக்கொண்டிருந்தோம். ஓலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ கத்தினது கேட்டுச்சுப்பா."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"பாறைப் பக்கம் சாயணும்னு எனக்குத் தெரியும். கையும் அங்கதான் போச்சு. உன் கொரலு கேட்டதும் ஒடம்பு தானாத் திரும்பிடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "அது பரவால்ல. அப்புறம் திட்டின பாரு, அதான்" என்றாள்.

ஓலையைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெரியும் என்று சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலமே தெரியும், அந்தப் பையன் கேட்டபோதும் மறைத்தேன் என்று சொன்னேன். மன்னித்துவிடு என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் சொல்கிற வார்த்தை இல்லை. சொன்னேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு மிச்ச ஓலையைப் போட்டோம், வானம் கருத்திருந்தது.

ஆஸ்திரேலியக் கயாக் வீராங்கனை ஜெசிகா ஃபாக்ஸின் கதையை முன்பெல்லாம் அவளிடம் அடிக்கடி சொல்வேன். அந்தப் பெண்ணின் அம்மா மிரியம் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இதே விளையாட்டில் வெண்கலம் வாங்கியவர், அப்பா ரிச்சர்ட் ஃபாக்ஸ் உலக சாம்பியன், அம்மாவே பயிற்சியாளர். பார், அப்பா அம்மா பேச்சைக் கேட்டால் இப்படி வரலாம் என்று சொல்லத்தான் அந்தக் கதை எனக்குப் பயன்பட்டது. 2024இல் பாரிஸில் ஜெசிகா இரண்டு தங்கம் வாங்கினார். நாலு படகு ஒன்றாகக் குதிக்கும் கயாக் கிராஸ் அந்த வருஷம்தான் ஒலிம்பிக்குக்கு வந்தது, அதில் தங்கை நொயெமி தங்கம் வாங்கினார். கைப்பேசியில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். இந்த முறை நான் பார்த்தது வேறு. மேடையிலிருந்து படகு தண்ணீரில் விழுந்த பிறகு அந்தப் படகில் அந்தப் பெண் ஒருத்திதான் இருக்கிறாள். அம்மா கொடுக்க வேண்டியதெல்லாம் அதற்கு முன்பே கொடுத்தாகிவிட்டது.

2025இல் என் மகள் மறுபடி புலிக்கயத்துக்குப் போக வேண்டும் என்றபோது, நான் வரலாமா என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவளிடம் அனுமதி கேட்டது அதுதான். யோசித்தாள். "வா. ஆனா பந்தயத்துக்குப் பேர் குடுக்காத. கயிறு வீசக் கத்துக்க. கரையில கயிறோட நில்லு" என்றாள்.

கற்றுக்கொண்டேன். பையில் திணித்த பதினெட்டு மீட்டர் மிதக்கும் கயிறு. நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு பையை வீச வேண்டும், தண்ணீரில் கிடப்பவரின் தலையைத் தாண்டி விழ வேண்டும். அவருக்கு முன்னால் விழுந்தால் பிரயோசனமில்லை. கால் ஊன்றி நிற்காமல் வீசினால் நாமும் உள்ளே போவோம். வீசுவதற்கு முன்னால் ஒரு சொல் சொல்லலாம். அந்த ஒரு சொல் மட்டும்தான்.

ஜூலையில் அதே பாறைக்கு எதிரில் நின்றேன். அவள் வந்தபோது படகு மறுபடி இடது பக்கம் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றுப் பையைப் பிடித்திருந்தேன். அவள் பாறையில் மார்போடு சாய்ந்து, இரண்டு கையாலும் தள்ளி, படகை முன்னால் நகர்த்திக்கொண்டு போய்விட்டாள். எத்தனையாவதாக வந்தாள் என்று இப்போது எனக்கு நினைவில்லை.

கயிறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு தொட்டித் தண்ணீரில் ஒரு காலிக் கேனை மிதக்கவிட்டு, வரப்பில் நின்று இருபது தடவை வீசுகிறேன். முதல் தொட்டித் தண்ணீர் என்றாலும் உப்பு உப்புதான், காயும்போது கயிறு வெள்ளையாகப் பூத்து விறைத்துவிடும். நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, மறுபடி பைக்குள் திணித்து வைக்கிறேன்.