மரகதாம்பிகை மலையில் மூன்று தலைமுறை

ஓசூர் என்றவுடன் பலருக்கும் ஆலைகளே நினைவுக்கு வரும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல், வேலை தேடி வந்த இளைஞர்கள் இங்கேயே குடும்பத்துடன் வேரூன்றிவிட்டனர். அவர்களைத் தொடர்ந்து வயது முதிர்ந்த பெற்றோரும் வந்து சேர்கின்றனர். வாசற்படி இறங்கினால் கோயில் என்று வாழ்ந்தவர்களுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளம் எளிதில் மனத்துக்கு ஒட்டுவதில்லை.

தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த முதிய தம்பதியரின் நிலையும் அதுவே. ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே தங்கிவிடுமாறு மகனும் மருமகளும் வேண்டிக்கொண்டிருந்தனர். பெரியவர் பிடிகொடுக்கவில்லை. "நம் சாமி அங்கே இருக்கிறது" என்பதே அவர் விடை.

ஒரு ஞாயிறன்று, இரண்டு வயதுப் பேத்தியுடன் ஐவரும் புறப்பட்டனர். சந்திரசூடேசுவரர் மலை, தொரப்பள்ளி, கெலவரப்பள்ளி அணை, பின்னர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கிருஷ்ணகிரி அணை என்பது மகன் வகுத்த திட்டம். கைக்குழந்தைப் பருவம் தாண்டாத பிள்ளையுடன் ஒரே நாளில் நான்கு இடம் என்பது பேராசைதான்.

மலைமேல் வரை வாகனம் செல்லப் பாதை உண்டு. முழங்கால் வலி உள்ளவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. வெயில் ஏறுமுன் சென்றுவிடுவது நல்லது. கல்தளம் சூடேறினால் பிஞ்சுப் பாதம் தாங்காது. அன்று காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. கீழே இராமநாயக்கன் ஏரியும், அதற்கப்பால் ஊரும் பனிமூட்டத்தில் தெரிந்தன.

இத்தலத்து வரலாறு குழந்தைகளுக்கென்றே அமைந்தது போன்றது. ஈசன் ஒளிவீசும் உடும்பாக உருக்கொண்டு இம்மலையில் ஓடினாராம். அம்பிகை அதைப் பிடிக்கப் பின்தொடர்ந்தாளாம். தொட்ட அளவில் அன்னையின் மேனி மரகதப் பச்சையாயிற்று. அதனால் அவள் மரகதாம்பிகை. பாட்டி இதனைச் சொல்லி முடிக்குமுன்னே பேத்தி தூணுக்குத் தூண் ஓடி, "உம்பு, உம்பு" என்று தேடத் தொடங்கிவிட்டாள். பிராகாரத்தை ஒருமுறை வலம்வர முக்கால் மணி நேரமாயிற்று. தாத்தாவின் முழங்காலுக்கும் அந்த நடையே பொருந்தியது. மற்ற இருவருந்தாம் அடிக்கடி நின்று காத்திருக்க வேண்டியிருந்தது.

தூணருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் குழந்தையைக் கன்னடத்தில் கொஞ்சி, கையில் ஒரு வாழைப்பழம் கொடுத்தார். பாட்டி தமிழில் நலம் விசாரித்தார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்ற செய்தி இருபுறமும் விரல்கணக்கில் பரிமாறப்பட்டது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்நிதியில் ஒலிப்பது இவ்வெல்லை ஊருக்கு இயல்பு.

ஓசூர் என்பதற்குக் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள். பழங்கல்வெட்டுகளோ இதனைச் செவிடபாடி என்கின்றன. மகன் இதைச் சொன்னபோது பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஆலை வந்த பிறகு முளைத்த ஊர் என்றே அதுவரை அவர் எண்ணியிருந்தார்.

அடுத்துத் தொரப்பள்ளி. மூதறிஞர் ராஜாஜி 1878-இல் பிறந்த இல்லம் நினைவகமாகப் பேணப்படுகிறது. 'சக்கரவர்த்தித் திருமகன்' கல்கியில் தொடராக வந்த நாளில், பள்ளிச் சிறுமியாக இருந்த பாட்டிக்குத் தந்தையார் அதை வாரந்தவறாமல் வாசித்துக் காட்டுவாராம். அந்தச் சிறிய வீட்டின் முன் பாட்டி நெடுநேரம் நின்றார். பேத்திக்கு அங்கே விருப்பமானது திண்ணை ஒன்றே. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தாள்.

கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்க வெளியேறிக்கொண்டிருந்தது. குழந்தை அதைக் கண்டு கைகொட்டினாள். பெங்களூருக் கழிவு கலந்து வரும் நீர் அது. நந்திமலைப் பகுதியில் பிறந்து கடலூரருகே கடலில் கலக்கும் புண்ணிய நதிக்கு நேர்ந்த கதியை எண்ணினால் கைகொட்டத் தோன்றாது. காரை விட்டு இறங்காமலே திரும்பினர்.

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த கிருஷ்ணகிரி அணைக்கு அன்று செல்ல வாய்க்கவில்லை. ஒரு கிண்ணம் தயிர்சாதம் உண்ட பேத்தி, பாட்டி மடியிலேயே உறங்கிப்போனாள். எழுப்பலாகாது என்று பெரியவரே கூறிவிட்டார்.

வீடு திரும்பும் வழியில் மலை மறுபடி கண்ணில் பட்டது. இங்கே தேர் எப்போது என்று பெரியவர் கேட்டார். மார்ச் மாத வாக்கில் என்றும், கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும்கூட அடியார்கள் வடம் பிடிக்க வருவார்கள் என்றும் மகன் சொன்னான். அதற்குள் ஊருக்குப் போய், தை அறுவடையை முடித்து, நெல்லை அளந்துவிட்டு வந்துவிட முடியுமா என்று பெரியவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.