65-ஆம் வயதின் ஆறு மாதம்

பிறந்தநாளுக்கு அரை வருடம் இருக்கும்போதே தபால்பெட்டி நிரம்பத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் 65-ஐத் தொடப்போகிறவர்களுக்குப் பழகிய அனுபவம் இது. ‘மாதப் பிரீமியம் பூஜ்யம்’, ‘பல், கண், காது எல்லாம் உண்டு’ என்று கொட்டை எழுத்தில் மருத்துவக் காப்பீட்டு விளம்பர அட்டைகள். கணவனும் மனைவியும் அவற்றைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்து, ஒரு மாலைப்பொழுது முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். எது மலிவு என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எதைப் பின்னால் மாற்றிக்கொள்ள முடியாது என்பதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த அட்டைகளுக்கெல்லாம் அடிப்படை, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர். 1965 ஜூலை 30 அன்று மிசௌரி மாநிலத்தின் இன்டிபென்டன்ஸ் நகரில் அதற்கான சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். முதல் அட்டை முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனுக்குப் போனது. முதியவர்களுக்கு மெடிகேர் பெரிய வரம். ஆனால் முழுச் செலவையும் ஏற்கும் திட்டமாக அது பிறக்கவில்லை. மருத்துவமனைக்கு பார்ட் ஏ, டாக்டருக்கு பார்ட் பி. டாக்டர் செலவில் வருடத்தின் முதல் தொகை நோயாளியுடையது; 2025-இல் அது 257 டாலராக இருந்தது. அதற்குமேல் மெடிகேர் பொதுவாக 80 சதவீதம் தரும். மீதி 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே இல்லை. சளி காய்ச்சலுக்கு அந்த 20 ஒரு பொருட்டல்ல. கீமோதெரபிக்கு மெடிகேர் ஒப்புக்கொண்ட கட்டணம் ஒரு லட்சம் டாலர் என்றால், நோயாளியின் பங்கு ஏறக்குறைய 20,000.

இந்த ஓட்டையை அடைக்கத் தனியார் கம்பெனிகள் விற்கும் துணைப் பாலிசிதான் மெடிகேப். ஒரு காலத்தில் இதில் ஏகப்பட்ட குழப்பம். ஒரே மூதாட்டியிடம் மூன்று நான்கு பாலிசிகளைத் தள்ளிவிட்ட ஏஜென்டுகள் உண்டு. 1990-இல் வந்த சட்டம் அதற்குக் கடிவாளம் போட்டது. பாலிசிகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்து வைத்து, ஒரே எழுத்து என்றால் எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் ஒரே அடிப்படைப் பலன் என்று ஆக்கியது. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றுக்கு மட்டும் தனி முறை. புதிதாக மெடிகேருக்கு வருபவர்கள் இன்று பெரும்பாலும் எடைபோட்டுப் பார்ப்பது ‘ஜி’, ‘என்’ என்ற இரண்டு எழுத்துகளையும்தான். ‘ஜி’ வாங்கினால் டாக்டர் செலவின் அந்த முதல் தொகையைத் தவிர, மெடிகேர் ஒப்புக்கொள்ளும் சிகிச்சைக்குக் கைப்பணம் அநேகமாக இராது. ‘என்’ பிளானில் பிரீமியம் குறைவு, டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை கட்டவேண்டும். பலன் ஒன்றாக இருந்தும் கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறுபடும். ஆகவே எழுத்தை முடிவுசெய்த பிறகு, விலையையும், வயது ஏற ஏற அது எப்படி உயரும் என்பதையும் கேட்டாலே போதும்.

மெடிகேப்புக்குக் கதவு திறந்திருக்கும் காலம் ஆறே மாதம். 65 வயதாகி, பார்ட் பி-யும் தொடங்கிய மாதத்திலிருந்து அது ஓடும். அதற்குள் கேட்டால் சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் எது இருந்தாலும் கம்பெனி மறுக்க முடியாது, விலையைக் கூட்டவும் முடியாது. அது தாண்டினால் பெரும்பாலான மாநிலங்களில் உடல்நலக் கேள்விகள் வரும், மறுப்பும் வரலாம். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்களில்தான் வருடம் முழுவதும் வாங்க முடியும்.

வேலையைத் தொடர்பவர்கள் இடறுவது இங்கேதான். 20 பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் கம்பெனியில் காப்பீடு இருந்தால் பார்ட் பி-யை அபராதமில்லாமல் தள்ளிப்போடலாம். அது தெரியாமல் 65-லேயே எடுத்துவிட்டு, 68-இல் ஓய்வுபெற்று மெடிகேப் கேட்டால், அந்த ஆறு மாதம் எப்போதோ கரைந்துபோயிருக்கும்.

பூஜ்யப் பிரீமியம் என்று அழைக்கும் அட்வான்டேஜ் திட்டங்கள் வேறு வகை. மெடிகேரையே ஒரு தனியார் கம்பெனி வழியாகப் பெறுவது அது. வருடச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, பல் கண் சலுகைகளும் உண்டு. கூடவே டாக்டர் நெட்வொர்க்கும் முன் அனுமதியும் உண்டு. நல்ல உடம்போடு இருப்பவருக்கு அது ஒத்துப்போகலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை திட்டம் மாற்றலாம் என்ற அறிவிப்பை நம்பி, ‘நோய் வந்தால் திரும்பிவிடலாம்’ என்று இருந்துவிடுவது ஆபத்து. பழைய மெடிகேருக்குத் திரும்பலாம், சரி. ஆனால் துணைப் பாலிசி கிடைக்கும் என்று பெரும்பாலான மாநிலங்களில் யாரும் உத்தரவாதம் தரவில்லை. 65-இல் முதல்முறையாக அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கு மனம் மாற முதல் 12 மாதம் அவகாசம் உண்டு, அவ்வளவுதான்.

இதையெல்லாம் உட்கார்ந்து விளக்க ஒவ்வொரு மாநிலத்திலும் அரசு உதவியோடு நடக்கும் இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது. கமிஷனுக்கு விற்காதவர்கள் அவர்கள். ஏஜென்டைக் கூப்பிடும் முன் அவர்களைக் கூப்பிடுவது நல்லது.

சென்னைக்கும் மதுரைக்கும் போய்வரும் தமிழர்கள் இன்னொன்றையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய மெடிகேர் அநேகமாக அமெரிக்க எல்லையோடு நின்றுவிடும். ‘ஜி’, ‘என்’ இரண்டிலும் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு, முதல் 250 டாலர் போக, 80 சதவீதம் கிடைக்கும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அதுவும் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரத்துக்கு மட்டும். டிசம்பர் கச்சேரிக்குப் போய், பொங்கல் முடிந்து, பேரனின் காதுகுத்துக்காக மாசி வரை தங்குகிறவர்கள், 61-ஆம் நாளிலிருந்து தனியாகப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறவேண்டும்.