பாட்டுப் போடுவது நல்லது, பொத்தான் யார் கையில்?



நம்ம ஊர்ப்பக்கம் தையல் நிலையங்கள் கூடிவிட்டன. பத்துப் பதினைந்து மெஷின் போட்ட சின்ன இடங்களும் இருக்கின்றன, நூறு பேர் வரை வேலை செய்கிற பெரிய இடங்களும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் காலை தொடங்கி மாலை வரை பாட்டு ஓடுகிறது. "பிள்ளைகள் சலிக்காம வேலை செய்யட்டும் என்றுதான் போட்டிருக்கம்" என்கிறார்கள் முதலாளிமார். "வேலை செய்யுற இடத்தில பாட்டு எதுக்கு?" என்று முகம் சுழிக்கிறவர்களும் ஊரில் உண்டு. எங்கள் ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு பல நாள் நடந்தது. அங்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளில் அநேகம் பேர் எங்களிடம் படித்தவர்கள். அதனால் எங்களுக்குப் பட்டதை ஊருக்கு முன்னால் வைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் ஒன்று. இசைக்கருவி கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதைத் தீர்த்து வைக்க நாங்கள் வரவில்லை. அந்தத் தகுதியும் எங்களுக்கு இல்லை. ஆனால் வேலை செய்யும்போது குரலெடுத்துப் பாடுவது நமக்கு அந்நியமான ஒன்றல்ல. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு மதீனாவைச் சுற்றி அகழ் தோண்டியபோது ஸஹாபாக்கள் பாடிக்கொண்டே மண் சுமந்தார்கள், நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களும் மண் சுமந்தபடி அவர்களோடு சேர்ந்து பாடினார்கள் என்று ஹதீஸ்களில் வருகிறது. பசியும் குளிரும் பயமும் நிறைந்த நாட்கள் அவை.

நம்ம கிழக்கு மாகாணத்திலும் பாட்டில்லாத வேலை குறைவு. மாடு வளைத்துச் சூடு அடித்த காலத்தில் களவெட்டியில் இரவிரவாகப் பொலிப்பாட்டுக் கேட்கும். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடித்தான் இழுத்தார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் சொல்லி ஒரே நேரத்தில் கயிற்றை இழுப்பார்கள். பாட்டில்லாவிட்டால் இருபது பேர் இருபது விதமாக இழுப்பார்கள், வலை கரைக்கு வராது. எங்கள் உம்மம்மாமார் நெல்லுக் குத்தும்போதும் பன்பாய் இழைக்கும்போதும் கவி சொன்னார்கள். புருசன் வெளியூர் போன கவலை, மாமியோடு மனஸ்தாபம், மகளுக்குக் கலியாணம் பேசுகிற சந்தோசம் எல்லாம் அந்தக் கவிக்குள் இருக்கும்.

இந்தப் பாட்டுகளை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து போடவில்லை. வேலை செய்கிறவரின் மூச்சோடு சேர்ந்து வந்தவை அவை. கை களைத்தால் பாட்டு மெதுவாகும். மூச்சு வாங்கினால் நிற்கும். திரும்பத் தொடங்குகிறபோது பாட்டும் தொடங்கும்.

பிறகு வானொலி வந்தது. மருதமுனைத் தறிகளைப் பற்றி நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. தறிக்கொட்டிலுக்குள் நாடா ஓடுகிற சத்தமும் மிதிகட்டைச் சத்தமும்தான் எங்கள் சின்ன வயதுச் சத்தம். சுவரில் ஆணியடித்து ஒரு வானொலி தொங்கும். காலையில் முஸ்லிம் நிகழ்ச்சி, பிறகு பொங்கும் பூம்புனல், இடைக்கிடை நாகூர் ஹனிபாவின் பாட்டு. நூல் சுற்றுகிற பெண்டுகள் வேலையை விடாமலே கூடச் சேர்ந்து முணுமுணுப்பார்கள். பற்றரி முடிந்தால் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்குவார்கள். மரண வீடு நடந்த தெருவில் வானொலி மூன்று நாள் பேசாது. பாங்கு சொன்னால் யாரும் சொல்லாமலே ஒரு கை போய் நிறுத்திவிடும். அந்த வானொலியின் பொத்தான் வேலை செய்கிறவர்களின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது.

எல்லாச் சத்தமும் அப்படி இருக்கவில்லை. மலையகத்தில் தோட்டத் தொழிலாளர்களை விடியலுக்கு முன்னரே எழுப்பிப் பிரட்டுக்குக் கூப்பிட்டதும் ஒரு தப்புச் சத்தம்தான். கோயில் திருவிழாவில் அதே தப்பு அடித்தால் ஆடியவர்கள்தான், விடியற்காலைத் தப்புக்குப் பயந்து எழும்பினார்கள். கருவி ஒன்றுதான். யாருக்காக அடிக்கப்பட்டது என்பதுதான் வித்தியாசம்.

முதலாளி வேலைத்தளத்தில் பாட்டுப் போடுகிற வழக்கம் பெரிய அளவில் பரவியது இரண்டாம் உலக யுத்த காலத்தில். 1940 ஜூன் 23ஆம் திகதி பீபீசி வானொலி 'மியூசிக் வைல் யூ வேர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. பகலில் இரண்டு தடவை, அரை மணித்தியாலம் வீதம் ஒலிபரப்பு. யுத்தத்துக்கு ஆயுதம் செய்கிற தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கி கட்டிக் கேட்க வைத்தார்கள். ஒரே வேலையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்குச் சலிப்பு குறைகிறது, வேலையும் கூடுகிறது என்று கண்டார்கள். அது 1967 வரை ஓடியது.

அந்த நிகழ்ச்சிக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. தூக்கம் வருகிற மெதுவான மெட்டு கூடாது. மெஷின் சத்தத்தில் அமுங்கிப் போகிற மெல்லிய இசை கூடாது. அமெரிக்கப் பாட்டு ஒன்று, டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றியது, அந்தக் காலத்தில் மிகவும் பிரபலம். அதில் இடையிடையே கைதட்ட வேண்டிய இடம் வரும். தொழிலாளர்கள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டுத் தட்டினார்கள், ஆயுதங்களால் மேசையில் அடித்தார்கள். அந்தப் பாட்டை நிகழ்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனிதர்கள் உண்மையாகவே சந்தோசப்பட்ட பாட்டுத்தான் நிறுத்தப்பட்டது. பாட்டுப் போட்டவர்களுக்கு வேண்டியது தொழிலாளியின் சந்தோசம்தான், ஆனால் வேலையை நிறுத்தாத அளவு சந்தோசம்.

அமெரிக்காவில் மியூசாக் என்ற கொம்பனி இதை ஒரு வியாபாரமாகவே செய்தது. கால் மணித்தியாலம் பாட்டு, கால் மணித்தியாலம் மௌனம். அந்தக் கால் மணித்தியாலத்துக்குள்ளும் மெட்டை மெல்ல மெல்ல விறுவிறுப்பாக்கிக்கொண்டு போவார்கள், வேலை செய்கிறவர் சோர்ந்து போகாமல் இருக்க. கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது.

இப்போது நம்ம பக்கத்துக்கு வருவோம். இடத்தின் பெயர் வேண்டாம். எங்களிடம் சாதாரண தரம் வரை படித்த பிள்ளை ஒன்று, தையலுக்குப் போகிறாள். விடுகைப் பத்திரம் எடுக்கப் பாடசாலைக்கு வந்தபோது வேலையைப் பற்றிக் கேட்டோம்.

"நல்லாத்தான் இரிக்கி டீச்சர். பாட்டெல்லாம் போடுவாங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் பேசினபிறகுதான் மிச்சம் வந்தது. காலையில் மெதுவான பாட்டு. பின்நேரம் டார்கெட் குறைந்தால் வேகமான குத்துப்பாட்டு. இன்னும் குறைந்தால் சத்தத்தைக் கூட்டுவார்கள். பக்கத்து மெஷின் பிள்ளை கூப்பிட்டாலும் கேட்காது. இரவில் தலையணையில் தலை வைத்தாலும் காதுக்குள் இரைகிறதாம்.

"குறைக்கச் சொல்ல ஏலாதா?" என்று கேட்டோம்.

"உங்களுக்காகத்தானே போட்டிருக்கம், இதுக்கும் குறை சொல்றியளா என்று கேப்பாங்க டீச்சர்."

அந்தப் பதிலை நாங்கள் பல நாள் யோசித்தோம். உபகாரம் என்று சொல்லித் தருகிற ஒன்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. குறைவான சம்பளத்தைப் பற்றிப் பேசலாம், மின்விசிறி இல்லை என்று சொல்லலாம். பாட்டைப் பற்றிச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவாள். அங்கு பொத்தான் மேற்பார்வையாளரின் கண்ணாடி அறைக்குள் இருக்கிறது.

இந்த இடத்தில் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. பயணத்தில் ஒட்டகங்களைப் பாடி ஓட்டுகிற அன்ஜஷா என்பவருக்கு நல்ல குரல். அவர் பாடினால் ஒட்டகங்கள் வேகமெடுக்கும். அந்த ஒட்டகங்களின் மேல் பெண்கள் இருந்தார்கள். நபியவர்கள் அவரை மெதுவாகப் போகச் சொன்னார்கள், அந்தப் பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டார்கள். இதற்கு அறிஞர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒன்று, வேகத்தினால் மேலே இருப்பவர்களுக்குச் சேதம் வந்துவிடக் கூடாது என்பது. பாட்டு வேகத்தைக் கூட்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விசயம். அந்த வேகத்தின் பாரம் யாருடைய உடம்பில் விழுகிறது என்று பார்க்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளின் முதுகும் கண்ணும் காதும் கண்ணாடியை விட உறுதியானவை அல்ல.

இதற்கு நேர்மாறான ஓர் உதாரணமும் உலகத்தில் இருக்கிறது. கியூபாவில் சுருட்டுச் சுற்றுகிற தொழிற்சாலைகளில் 1865ஆம் ஆண்டிலிருந்து ஒரு வழக்கம். தொழிலாளர்கள் கையால் சுருட்டுச் சுற்ற, ஒருவர் உயரமான இடத்தில் இருந்து பத்திரிகையும் நாவலும் சத்தமாக வாசிப்பார். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி இல்லை. தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் வாசிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் கூட உலக நடப்பையும் பெரிய நாவல்களையும் தெரிந்து கொண்டார்கள். அடுத்த வருடமே அன்றைய ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. ஆனாலும் பிறகு அது திரும்ப வந்துவிட்டது. மொண்டே கிறிஸ்டோ என்ற பெயர் பெற்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கு வாசிக்கப்பட்ட நாவலினால் என்று சொல்வார்கள். பற்றரிக்குக் காசு போட்ட நம்ம தறிக்கொட்டில் பெண்டுகளுக்கு இந்தக் கதை நன்றாக விளங்கியிருக்கும்.

ஆகவே, பாட்டை நிறுத்துங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே தையலை நாளைக்கு முன்னூறு தடவை தைக்கிற பிள்ளைக்கு ஒரு பாட்டு எவ்வளவு ஆறுதல் என்று தெரியும். முதலாளிமாரில் நல்ல மனதோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் சில விசயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

ஒன்று, கேளுங்கள். என்ன போடுவது, எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பதை வேலை செய்கிற பிள்ளைகளிடம் விடுங்கள். கிழமைக்கு ஒருவர் முறை வைத்துப் பொறுப்பெடுக்கட்டும். ஒரு பிள்ளைக்கு மார்க்கக் காரணத்தாலோ தலைவலியாலோ பாட்டு வேண்டாம் என்றால், ஒலிபெருக்கிக்குத் தூரமாக இடம் கொடுங்கள். பாட்டுக்குப் பதிலாகக் கிறாஅத்தோ பயானோ நல்ல கதையோ கேட்க விரும்புகிற நாளில் அதற்கும் இடமிருக்கட்டும்.

இரண்டு, நாள் முழுக்க வேண்டாம். மனது சோர்கிற நேரம் பார்த்து அரை மணித்தியாலம் போதும். இடையில் அமைதியும் வேண்டும். அளவெடுக்கிற, துணி வெட்டுகிற, கணக்கு எழுதுகிற இடத்தில் வார்த்தையுள்ள பாட்டு கவனத்தைக் குலைக்கும். பாட்டுக் கேட்டுக்கொண்டு பாடமாக்குகிற பிள்ளைகளிடம் நாங்கள் இதைத் தினமும் காண்கிறோம்.

மூன்று, சத்தம். நாளைக்கு 8 மணித்தியாலம் கேட்கிற சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால் செவிப்புலனுக்கு ஆபத்து என்பது தொழில் சுகாதாரத்தில் சொல்லப்படுகிற அளவு. கருவி வைத்து அளக்க வசதியில்லாவிட்டால், ஒரு கை நீளத் தூரத்தில் இருப்பவரோடு கத்தாமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் சத்தம் கூடுதல். மெஷின் சத்தத்தை அமுக்கப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்துதான் காதுக்குள் போகும்.

நான்கு, பாட்டை எதற்கும் பதிலாகக் கொடுக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 சதவீதம் கட்ட வேண்டும். சின்ன இடம் என்பதற்காக இது இல்லாமல் போகாது. பெற்றோரே, உங்கள் மகள் வேலைக்குப் போகிற இடத்தில் பாட்டுப் போடுகிறார்களா என்று விசாரிப்பதற்கு முன் இதை விசாரியுங்கள். தேத்தண்ணிக்கு எழும்ப விடுகிறார்களா, தொழ இடமும் நேரமும் இருக்கிறதா, மலசலகூடம் சுத்தமா என்று கேளுங்கள். இவையெல்லாம் சரியாக இருக்கிற இடத்தில் பாட்டு இல்லாவிட்டாலும் பிள்ளைகள் தாங்களாகவே பாடுவார்கள்.

தையல் நிலையம் நடத்துகிற சகோதரர்கள் யாராவது இதை வாசித்தால், நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்த ரிமோட்டைப் பிள்ளைகளின் மேசையில் வைத்துப் பாருங்கள். அவர்கள் எதைப் போடுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள், எந்தப் பாட்டுக்குக் கூடப் பாடுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் வேலையாட்களைப் பற்றி ஒரு வருடத்தில் தெரியாதது அந்த ஒரு நாளில் தெரியவரும்.

வேலைக்குப் போகிற எங்கள் பழைய மாணவிகளே, உங்கள் இடத்தில் எப்படி என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் உள்பெட்டியில் அனுப்புங்கள், இடத்தின் பெயர் வேண்டாம். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பரக்கத் செய்வானாக.