சாணை

தமிழ்ப்பள்ளியில் ‘கத்தி’ என்ற சொல்லைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால், “அம்மா கத்தியால் காய்கறி நறுக்கினார்” என்று எழுதுவோம். ஆசிரியரும் சரி போட்டுவிடுவார். தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடங்கள் மலாய்க்கு மாறின. கத்தி ‘பிசாவ்’ ஆனது. ஆனால், கத்திக்கு வாயும் முதுகும் உண்டு, தீட்டும்போது வாயில் பிசிறு நிற்கும், துவைச்சல் சரியில்லாவிட்டால் வாய் மடங்கிப் போகும் என்பதையெல்லாம் எந்த வகுப்பறையிலும் நான் கேட்டதில்லை. கிள்ளானில் என் மாமா வீட்டின் பின்புறத்தில்தான் கேட்டேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். பக்கத்திலேயே கேஎல் சென்ட்ரல். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமியூட்டர் ஏறினால் கிள்ளான். மாமாவுக்கு லோரி பழுதுபார்க்கும் வேலை. ஓய்வு நேரத்தில் கத்தி செய்வார். கழித்துப்போட்ட லோரி ஸ்பிரிங் பட்டைதான் அவருக்கு மூலப்பொருள். அந்த எஃகில் ஏறத்தாழ 0.6 விழுக்காடு கரி இருப்பதால், பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் நன்றாக இறுகும். அதுதான் துவைச்சல். பிறகு மிதமான சூட்டில் பதப்படுத்த வேண்டும். இல்லையென்றால் கத்தி கண்ணாடியைப்போல் உடைந்துவிடும்.

இவ்வளவும் முடிந்தபின் கையில் இருப்பது கறுத்த, சொரசொரப்பான ஓர் இரும்புத் துண்டு. அதைக் கத்தியாக்குவது மாமாவின் ‘சாணை மெசின்’. ஒரு மோட்டார், சில உருளைகள், அவற்றின்மீது வேகமாகச் சுற்றும் மணல்தாள் பட்டை. நம் ஊர்க் கடைகளில் ‘கெர்த்தாஸ் பாசிர்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதேதான். ஆனால் துணியை அடியாகக் கொண்ட முடிவில்லா வளையம். 2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் உள்ள பட்டையே உலகெங்கும் கத்தி செய்வோரிடையே பரவலாகப் புழங்குகிறது.

மணல்தாளின் முதுகில் ஓர் எண் இருக்கும். எண் கூடக்கூட மணல் நுண்மையாகும். 60ஆம் எண்ணில் ஒரு மணி கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 400இல் அது 0.035 மில்லிமீட்டர்தான். மாமா 60இல் தொடங்கி 120, 220, 400 என்று போவார். ஒவ்வொரு முறையும் கத்தியின் கோணத்தைச் சற்று மாற்றிப் பிடிப்பார். புதிய கீறல் பழைய கீறலைக் குறுக்கே வெட்டும். பழையது முழுவதும் மறைந்த பிறகே அடுத்த பட்டை. இடையில் ஓர் எண்ணைத் தாண்டிப் போனால் என்ன என்று கேட்டேன். “பளபளன்னுதான் இருக்கும் தம்பி. வெயில்ல திருப்பிப் பாரு, அடியில கோடு கோடா நிக்கும்” என்றார்.

கீறலைவிடப் பெரிய எதிரி சூடு. கத்தியின் வாய் மெல்லியது. பட்டையில் அழுத்திப் பிடித்தால் சில நொடிகளில் கொதித்துவிடும். ஏறத்தாழ 220 பாகையில் எஃகின்மேல் வைக்கோல் மஞ்சள் படரும். 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் பாய்ந்த இடத்தில் துவைச்சலின் இறுக்கம் குறைந்துவிட்டது என்று பொருள். அந்த நிறத்தைத் தேய்த்து அகற்றலாம். போன இறுக்கம் தேய்ப்பதால் திரும்பாது. மறுபடி காய்ச்சித்தான் ஆக வேண்டும். அதனால் மாமா வெறுங்கையாலேயே கத்தியைப் பிடிப்பார். விரலில் சூடு தெரிந்தவுடன் பக்கத்து வாளித் தண்ணீரில் முக்குவார். கையுறை போட்டால் சூடு தெரியாது. ஓடும் பட்டை துணியையும் கவ்வி இழுத்துவிடும். ஆனால் கண்ணாடியும் முகமூடியும் இல்லாமல் மெசின் பக்கம் என்னை விடமாட்டார். இரும்புத் தூள் நுரையீரலுக்குப் பகை.

கடைசியில் மெசினை நிறுத்திவிட்டு, தட்டையான கட்டையில் மணல்தாளைச் சுற்றி, எண்ணெய் தொட்டு, கத்தியின் நீளவாக்கில் கையாலேயே தேய்ப்பார். மெசின் ஒரு மணி நேரத்தில் செய்ததை அழகாக்கக் கைக்கு ஒரு மாலைப்பொழுது வேண்டும்.

இந்த மெசினுக்கு மலாயில் என்ன பெயர் என்று தேடியபோதுதான் எனக்கு வியப்பு காத்திருந்தது. தீட்டும் இயந்திரத்தை ‘மெசின் சானாய்’ என்கிறார்கள். ‘சானாய்’ நம் சாணைதான்! கடை ‘கெடாய்’ ஆனதுபோல, பெட்டி ‘பெத்தி’ ஆனதுபோல, சாணையும் கடல் கடந்து மலாயில் குடியேறியிருக்கிறது. (ரொட்டி சானாய்க்கு வேறு கதைகளும் சொல்வார்கள், அந்த வழக்கு இங்கு வேண்டாம்.)

இன்னொன்றும் உண்டு. மணல்தாளில் பெரும்பாலும் ஒட்டியிருப்பது அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் கிடைக்கும் அதன் படிகத்தை ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்பார்கள். அச்சொல்லின் மூலம் தமிழின் ‘குருந்தம்’ என்று ஆங்கில அகராதிகளே காட்டுகின்றன. தென்னாட்டில் குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்தார்கள். ஆக, கிள்ளானில் சுழலும் அந்தப் பட்டையில் நம் சொல் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நண்பர்களே, இதைப் பெருமை பேசுவதற்காக நான் எழுதவில்லை. இந்தச் சொற்களைக் கடல் கடத்தியது மேடைப் பேச்சு அல்ல. பண்டமும் கருவியும் கொண்டுவந்து, மற்றவரோடு சேர்ந்து வேலை செய்த கைகள். இன்று அந்தக் கைகளுக்கு அடுத்து யார்? மாமாவின் பிள்ளைகள் இருவரும் அலுவலகத்தில் வேலை செய்கிறார்கள். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் அவரும் உழைத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் துவைச்சல், பிசிறு, பூண் என்ற சொற்கள் அவரோடு நின்றுவிட்டால், நாம் பட்டிமன்றத்தில் காட்டும் தமிழ், எண்ணைத் தாண்டித் தேய்த்த கத்தியாகத்தான் இருக்கும்.

நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு தொழில் இருக்கிறது. பால்மரம் வெட்டிய பாட்டி, தச்சு வேலை தெரிந்த தாத்தா, பூக்கட்டும் அத்தை. அடுத்த விடுமுறையில் ஆளுக்குப் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வருவோம். அடுத்த ஆண்டு மலரில் அவற்றுக்கு நான்கு பக்கம் ஒதுக்கலாம். என் பங்குக்கு 23 சொற்கள் சேர்ந்துவிட்டன. மாமாவிடம் இன்னும் இருக்கின்றன. வரும் ஞாயிறும் போகிறேன்.