மருந்தும் விரதமும்

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்றால், "மாத்திரை சாப்பிட்டாயா?" என்று கேட்கிறோம். இரத்தக் கொதிப்பு என்றால் குழம்பில் உப்பைக் குறைக்கிறோம். ஆனால் போதைப் பழக்கத்துக்காக ஒருவன் மருந்து எடுத்தால் மட்டும், "மன உறுதி இல்லாதவன்" என்று ஒதுக்குகிறோம். இது என்ன நியாயம், சகோதரிகளே?

என் தம்பியின் வாழ்க்கையில் ஒன்பது ஆண்டுகளை ஹெராயின் விழுங்கிவிட்டது. அம்மாவின் சங்கிலி போயிற்று. லோரி ஓட்டும் வேலையும் போயிற்று. இரண்டு முறை மறுவாழ்வு நிலையம் போனான். உடம்பு தேறி வருவான். இரண்டு மாதத்தில், பழைய குருடி கதவைத் திறடி என்ற கதைதான்.

இப்போது அவன் அரசாங்க கிளினிக்கில் மெத்தடோன் எடுக்கிறான். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய சிகிச்சை இது. பாகு போன்ற மருந்து. தினம் ஒரு வேளை. தொடக்கத்தில் தாதியின் கண்முன்னேதான் குடிக்க வேண்டும். ஹெராயின் போய் உட்காரும் மூளையின் அதே இடத்தில் இதுவும் உட்காருகிறது. ஆனால் மெல்ல வேலை செய்து ஒரு நாள் முழுவதும் நிற்கிறது. அளவு சரியாக அமைந்துவிட்டால் மயக்கமும் இல்லை, உடம்பு முறுக்கும் வேதனையும் இல்லை. மனிதன் வேலைக்குப் போகலாம்.

ஒரு தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டான். உடனே பெரியப்பா, "விரதம் இருக்கிறவனுக்கு அந்தக் கருமம் எதற்கு? ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? இன்றோடு நிறுத்து!" என்றார். தம்பியும் தலையாட்டிவிட்டான். எனக்குப் பகீர் என்றது. மறுநாளே அவனை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"திடீரென்று நிறுத்தினால் வேதனை தாங்காமல் பலர் மறுபடியும் ஹெராயினைத் தேடிப் போகிறார்கள். அதற்குள் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். குறைப்பதானால் நாங்கள்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்" என்றார் அவர். "இதோடு மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. வீட்டுக்கு மருந்து கொடுத்தால் பூட்டி வையுங்கள், ஒரு குழந்தை கொஞ்சம் குடித்தாலும் உயிருக்கு ஆபத்து" என்றும் எச்சரித்தார்.

பெரியப்பாவிடம் சொன்னேன்: "ஐயா, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டுதானே நீங்களும் விரதம் இருக்கிறீர்கள்?" அவர் பதில் பேசவில்லை. தம்பி மருந்தைக் குடித்துவிட்டுத்தான் பால்குடம் எடுத்தான். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை!

இதைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, "நம்பர் பைத்தியத்துக்கும் மருந்து உண்டா?" என்றார். அவருடைய வீட்டுக்காரர் நாலு நம்பரில் சம்பளத்தைத் தொலைப்பவர். சூதாட்டத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. ஆனால் மது, ஹெராயின் பழக்கத்துக்குக் கொடுக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை, சூதாடும் வெறியையும் சிலருக்குத் தணிக்கிறது. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இது வெறும் கெட்ட புத்தி என்பவர்களுக்கு ஒரு செய்தி. நடுக்குவாதத்துக்குத் தரும் சில மருந்துகளால், சூதையே அறியாத சிலர்கூட சூதாடிகளாகி இருக்கிறார்கள். மருந்தை மாற்றியதும் பலருக்கு அந்த வெறி அடங்கிவிட்டது. மூளைக்கும் இதில் பங்கு உண்டு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் சூதாட்டத்தையும் மதுவையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்தார்கள்.

மாத்திரை மட்டும் கடனை அடைக்காது. வங்கி அட்டை மனைவி கையில் இருக்க வேண்டும். நம்பர் கடை வழியே போகாத நண்பர்கள் வேண்டும். மனம்விட்டுப் பேச ஆலோசகரும் வேண்டும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் மறைக்காதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அவர் திரும்பி வந்ததும், "மருந்து குடித்தாயா?" என்று அன்போடு கேளுங்கள்.