மின்மினிச் சட்டை

ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று துறைத்தலைவர் பணித்தபோது, சீறாப்புராணத்தின் நாட்டு வருணனை பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டேன். குறிப்புகளும் எடுத்து வைத்தேன். சென்ற வாரம் வகுப்பறைக்குள் நுழைகையில், கரும்பலகையின் ஓரத்தில் மிதிவண்டி மீது அமர்ந்து வரும் மின்மினிப் பூச்சி ஒன்றை யாரோ ஒரு மாணவர் வரைந்து வைத்திருந்தார். பூச்சிக்கு மூக்குக் கண்ணாடியும் இருந்தது. படம் நன்றாகவே அமைந்திருந்ததால் அழிக்க மனம் வராமல், அதன் பக்கத்திலேயே அன்றைய பாடத்தை எழுதினேன். உமறுப்புலவர் பொறுத்தருள்வாராக. இவ்வாண்டு அந்த மின்மினியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து நம் கல்லூரிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக நாள்தோறும் மிதிவண்டியில்தான் வந்து போகிறேன். சட்டைக்கு மேல், பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் கையில்லாத மேலாடை ஒன்று. அதில் குறுக்கே இரண்டு வெள்ளிநிறப் பட்டைகள். கணுக்கால்களிலும் அதே போன்ற பட்டைகள். இந்தக் கோலத்தில் நான் வாயிலுக்குள் நுழைவதை முதலாண்டு மாணவர்கள் வியப்போடு பார்ப்பர். மூன்றாமாண்டு மாணவர்கள் பழகிப்போனவர்கள்.

மிதிவண்டி எனக்கு வாப்பா விட்டுச்சென்ற வழக்கம். அவர்கள் கடைக்குப் போகும்போது கால்சட்டையின் விளிம்பு சங்கிலியில் சிக்காமலிருக்கக் கணுக்காலில் எஃகு வளையம் ஒன்றை மாட்டிக்கொள்வார்கள். பின்சக்கரத்தோடு உராய்ந்து சுழலும் டைனமோவும், அதன் ஒலியும், முன்னால் நடுங்கிக்கொண்டே செல்லும் மஞ்சள் வெளிச்சமும் என் இளமைக்கால இரவுகளில் கலந்தவை. அந்நாளில் விளக்கில்லாமல் இரவில் மிதிவண்டி ஓட்டினால் காவலர் நிறுத்துவார். சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. ‘வெளிச்சம் நமக்கு மட்டுமில்ல வாப்பா, எதிர வர்றவனுக்கும்தான்’ என்று என்னைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு சொல்வார்கள். அச்சாலையில் அப்போது எதிரே வந்தவை பெரும்பாலும் மாட்டுவண்டிகளும் வேறு மிதிவண்டிகளுமே. இன்று வருவன உப்பு லாரிகளும், இறால் ஏற்றிய வண்டிகளும், இரவெல்லாம் பறக்கும் சுற்றுலாப் பேருந்துகளும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னையை நம்பி வாழ்ந்தோர் அன்று இழந்ததை இந்த மலரின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கல்லூரி திறந்த பின்னும் நான் வீடு திரும்பிய பாதை முழு இருட்டு. சாலையோரத்தில் வெட்டிக் குவித்த தென்னை மட்டைகளுக்கு ஒதுங்கி, சாலையின் நடுப்பக்கமாகவே மிதிக்க வேண்டியிருந்தது.

வெளிமாவட்டங்களிலிருந்து வந்த மின்வாரியப் பணியாளர்கள் சிலர் எங்கள் பள்ளிவாசலை அடுத்த மதரஸாவில் தங்கியிருந்தனர். ஜமாஅத்தார் அவர்களுக்கு உணவளித்தனர். பரிமாறும் பணியில் நானும் இருந்தேன். அவர்களில் சேலம் பக்கத்துக்காரர் ஒருவர், நான் இருட்டில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதை இரண்டு மூன்று நாள் கவனித்திருக்கிறார். ஊருக்குப் புறப்படும் நாளில் தம் மேலாடையைக் கழற்றி மடித்து என்னிடம் நீட்டினார். ‘பாய், நீங்க வச்சுக்கங்க. நான் வேற வாங்கிக்குவேன். இந்த ரோட்டுல நீங்க வர்றது பக்கத்துல வந்தாத்தான் தெரியுது.’ அதில் எண்ணெய்க் கறை இருந்தது; அவருடைய வியர்வையும் இருந்தது. நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொண்டேனே தவிர, அணியவில்லை. உம்மா துவைத்துக் கொடுத்ததைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினேன். ஓராண்டுக் காலம் அது அங்கேயே தொங்கியது. எம்.ஃபில். பட்டம் பெற்ற தமிழ் விரிவுரையாளன், சாலை போடுகிறவரின் உடுப்பில் கல்லூரிக்குப் போவதா என்பதே காரணம். அன்று இதை இத்தனை வெளிப்படையாக என்னிடமே நான் சொல்லிக்கொண்டதில்லை. வெயிலுக்குப் புழுக்கம், மடித்து வைக்க இடமில்லை என்று வேறு வேறு காரணங்களைச் சொல்லிக்கொண்டேன்.

2019ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்றுப் பின், பாலத்தின் இறக்கத்தில் பின்னாலிருந்து வந்த சிறு லாரி ஒன்றின் பக்கப்பலகை என் முழங்கையை உரசிச் சென்றது. நான் புதரில் விழுந்தேன். சிராய்ப்போடு தப்பினேன், அல்ஹம்துலில்லாஹ். ஓட்டுநர் போய்விடவில்லை; வண்டியை நிறுத்தி ஓடிவந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். என்னைத் தூக்கிய அவர் கைகள் என் கைகளைவிட அதிகமாக நடுங்கின. ‘அண்ணே, சத்தியமா ஆள் இருக்கறதே தெரியலண்ணே’ என்று அதையே நான்கைந்து முறை சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று நான் உடுத்தியிருந்தது கருநீலச் சட்டை. மிதிவண்டியின் பின்புறச் சிவப்பு வில்லை சேறு மூடிக் கிடந்தது. ஒரு நொடி தவறியிருந்தால் நான் போயிருப்பேன். அந்தப் பிள்ளை எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அதே சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். மறுநாள் காலை ஆணியிலிருந்து மேலாடையை எடுத்தேன்.

ஒரு பொருளைக் கையிலெடுத்துவிட்டால் அதன் வரலாற்றைத் தேடுவது ஆசிரியத் தொழிலின் நோய். இதையும் தேடினேன். 1930களில் அமெரிக்காவில் சுவிட்சர் உடன்பிறப்புகள் இருவர் ஒளிரும் சாயங்களை உருவாக்கினர். கண்ணுக்குப் புலனாகாத புறஊதாக் கதிரை உள்வாங்கி, அதைக் கண்ணுக்குப் புலனாகும் நிறமாக வெளிவிடுவது அச்சாயத்தின் இயல்பு. தன்மீது விழுந்த வெளிச்சத்தைவிடக் கூடுதலாகத் தருவதுபோல் அது தோன்றுவது அதனால்தான். 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் இருப்புப்பாதைப் பணியாளர்களுக்கு இவ்வகை மேலாடைகளைச் சோதனையாக அளித்தனர். அவற்றுக்கு அங்கு வழங்கிய பெயர் மின்மினிச் சட்டை என்பதைப் படித்தபோது, நம் மாணவர்களின் கற்பனை ஒன்றும் தனித்ததன்று என்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த மஞ்சள் பகலுக்குரியது. விடியலிலும் அந்தியிலும் முகில் மூடிய பொழுதிலும் அது நன்கு உழைக்கும். இரவில் வண்டி விளக்கின் ஒளியில் புறஊதா மிகக் குறைவாதலால் மஞ்சள் உறங்கிவிடும். அப்போது விழித்திருப்பவை வெள்ளிப் பட்டைகளே. அவற்றில் நுண்ணிய கண்ணாடி மணிகள் பதிந்துள்ளன. கண்ணாடியும் பளபளப்பான தகரமும் ஒளியை வேறு திசைக்குத் திருப்பிவிடும். இம்மணிகளோ வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. விளக்குக்குச் சற்று மேலே அமர்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு அது நேரே போய்ச் சேர்கிறது. தமிழில் ஒளிர்தல் வேறு, மிளிர்தல் வேறு என்று வகுப்பில் சொல்வேன்; இந்த ஒரே சட்டையில் இரண்டும் இருக்கின்றன.

கணுக்கால் பட்டைக்கும் ஒரு கதை உண்டு. கும்மிருட்டில் ஒரு மனிதனின் மூட்டுகளில் மட்டும் சிறு ஒளிப்புள்ளிகளை வைத்து நடக்கவிட்டால், பார்ப்பவர் உடனே அது மனிதன் என்று கண்டுகொள்கிறார். இதை 1973இல் சுவீடன் நாட்டு அறிஞர் குன்னார் யோஹான்சன் எழுதினார். இதை மிதிவண்டிக்குப் பொருத்தி ஆஸ்திரேலியாவில் இரவுச் சோதனை நடத்தி, 2012இல் வெளியிட்டனர். கருப்பு உடையில் இருந்தவரை மிதிவண்டிக்காரர் என்று ஓட்டுநர்கள் அறிந்தது 100க்கு 2 முறை. ஒளிரும் மஞ்சள் மட்டும் என்றால் 15. வெள்ளிப் பட்டை மேலாடைக்கு 50. அதனோடு கணுக்காலிலும் முழங்காலிலும் பட்டை கட்டினால் 90. மேலும் கீழும் இயங்கும் கால்தான் ‘இங்கே ஒரு மனிதன் போகிறான்’ என்று சொல்கிறது. வாப்பாவின் எஃகு வளையம் இருந்த அதே இடத்தில் நான் இப்போது பட்டை கட்டுகிறேன்.

சட்டை அணிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் அது உண்மையாகாது. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் ஏழு வகை உடையில் ஒருவரை மிதிவண்டி ஓட்டச்செய்து, முந்திச் செல்லும் வண்டிகள் எத்தனை இடைவெளி விடுகின்றன என்று அளந்தனர், 2014இல் வெளியிட்டனர். ஏறத்தாழ எல்லா உடைக்கும் இடைவெளி ஒன்றே. காவல்துறையை நினைவூட்டும் சொல் எழுதிய மேலாடைக்கு மட்டும் சில சென்டிமீட்டர் கூடுதல் கிடைத்தது. எழுத்தமைப்பில் அதை ஒத்த ‘பணிவு’ என்னும் பொருள்பட்ட ஆங்கிலச் சொல் எழுதிய மேலாடைக்கு அதுவும் இல்லை. அதிகாரத்துக்கு வழிவிடுகிறார்கள், பணிவுக்கு விடுவதில்லை. இங்கிலாந்து மட்டும்தானா இப்படி என்று கேட்காதீர்கள். தெரியும்படி உடுத்துவது என் கடமை என்றால், பார்த்து ஓட்டுவதும் இடம்விட்டு முந்துவதும் பிறர் கடமை. விபத்து நடந்தால் ‘இவர் ஏன் கருப்புச் சட்டை போட்டார்’ என்று விழுந்தவரைக் கேட்கும் வழக்கத்துக்கு என் சட்டை சான்றாகிவிடக் கூடாது.

அணியத் தொடங்கிய பின் நேர்ந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், இக்கட்டுரையே அதற்காகத்தான். ஒரு விடியற்காலை, ஊர் எல்லையில் தூய்மைப் பணியாளர்கள் வேலை தொடங்கும் இடத்தில் தேநீர்க்கடை முன் நின்றிருந்தேன். துடைப்பத்தோடு நின்ற நடுவயது அம்மையார் ஒருவர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். அவரும் அதே மஞ்சள் மேலாடை அணிந்திருந்தார். ‘என்னண்ணே, புதுசா வந்திருக்கீங்களா? எந்த வார்டு?’ என்றார். ஊருக்குப் புதியவனை வரவேற்கும் கனிவு அக்குரலில் இருந்தது. நான் நொடியும் தாழ்த்தாமல், ‘இல்லம்மா, நான் அந்த வேலை இல்ல. காலேஜ்ல வாத்தியார்’ என்றேன். அவர் முகம் சுருங்கியது. இரண்டடி பின்னே நகர்ந்தார். ‘மன்னிச்சிருங்க சார், சட்டையப் பாத்துக் கேட்டுட்டேன்’ என்றார்.

அவர் கேட்டதில் மன்னிப்புக்கு உரியது என்ன? ‘அந்த வேலை’ என்று நான் சொன்ன வேகத்தில்தான் குற்றம் இருந்தது. ஓராண்டு ஆணியில் தொங்கியது சட்டை மட்டுமன்று என்று அப்போது விளங்கிற்று. சமத்துவம் பற்றி மீலாது மேடைகளில் பேசியவன் நான். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதை வகுப்பில் எடுத்துக்காட்டியவன். ஒரு தேநீர்க்கடை வாசலில் இரண்டு நொடியில் தோற்றுப்போனேன். அதன்பின் அவ்வழியே வரும்போதெல்லாம் நின்று நலம் விசாரிப்பேன். அவரும் மறுமொழி சொல்வார். மகள் பதினோராம் வகுப்பில் பள்ளியில் தந்த மிதிவண்டியில் போவதையும் ஒரு நாள் சொன்னார். மகளுக்காக ஒரு சோடிக் கணுக்கால் பட்டை வாங்கிக் கொடுத்தேன். ‘ரொம்ப நன்றிங்க சார்’ என்றார். அந்த ‘அண்ணே’ மட்டும் திரும்பி வரவில்லை.

நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் வேறொரு ஐயத்தை எழுப்பினார். ஊரார் கண்ணைப் பறிக்கும்படி உடுத்துவது மார்க்கத்தில் விரும்பத்தக்கதன்றே என்றார். புகழுக்காக உடுத்துவது பற்றிய எச்சரிக்கை நானும் அறிந்ததே. ‘இந்தச் சட்டையால புகழ் வந்தா சொல்லுங்க மாமா’ என்றேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். பின்னர் ரமலானில், தராவீஹ் முடிந்து கருப்புப் புர்காவில் சாலையோரமாக வீடு திரும்பும் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, கைப்பைகளில் வெள்ளிப் பட்டை தைத்துக் கொடுக்கலாமா என்று முதலில் கேட்டதும் அவர்களே.

வெயிலில் ஒளிரும் சாயம் விரைவில் வெளிறும். துவைக்கத் துவைக்க மணிகள் உதிரும். சேலத்துக்காரர் தந்த மேலாடை இப்போது பழுத்த பூவரச இலையின் நிறத்துக்கு வந்துவிட்டது. அது மீண்டும் ஆணிக்குப் போயிற்று. இம்முறை வேறு காரணத்துக்காக. சென்ற மாதம் புதியது வாங்க, சிமெண்டும் கயிறும் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு கட்டை எடுத்து மேசைமேல் போட்டு, பிரித்துக்கொண்டே கேட்டார்:

‘எத்தனை ஆளுக்கு வேணும் பாய்?’

‘ஒரு ஆளுக்குத்தான்.’

‘எந்த வேலைக்கு?’

‘காலேஜுக்குப் போற வேலைக்கு’ என்றேன். அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கட்டின் நடுவிலிருந்து கசங்காத ஒன்றை உருவிக் கொடுத்தார்.