கண்டுபிடித்ததற்கும் கூலி உண்டு

முன்பக்கம் ஆடுகிறது என்று ஒரு பயண பைக் பட்டறைக்கு வந்தால், நல்ல மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை, விசாரிக்கிறார். "எந்த ஸ்பீடுல ஆடுதுங்க? ஆக்ஸிலேட்டரை விட்டாத்தான் ஆடுதுங்களா? பின்னாடி பெட்டி மாட்டியிருந்தீங்களா?" கோவைப் பட்டறைகளில் நான் கவனித்த வேலைகளிலேயே மதிப்பு மிக்கது இந்த விசாரணைதான். ரசீதில் இதற்கு ஒரு வரிகூடக் கிடையாது. ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன்செட்டுக்கு விலை உண்டு, மாற்றக் கூலி உண்டு. மாற்ற வேண்டியது கோன்செட்தானா என்று கண்டறிந்ததற்கு எதுவும் இல்லை. தேவையில்லாமல் பாகங்கள் மாற்றப்படுவதற்கு மெக்கானிக்கின் பேராசையைவிட இந்தக் கணக்குமுறையே பெரிய காரணம் என்பேன்.

ஆட்டம் ஒரே வகை அல்ல. பிரிட்டிஷ் ஆய்வாளர் ராபின் ஷார்ப் 1971ல் வெளியிட்ட ஆய்வு இரண்டைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் நொடிக்கு நான்கு முதல் பத்து முறை துடிப்பது ஒன்று. வண்டி முழுவதும் அதைவிட மெதுவாக நெளிவது மற்றொன்று. அந்த ஆய்வைப் படிக்காத மெக்கானிக்கின் கேள்விகளும் இதே பிரிவைத்தான் செய்கின்றன. வேகம் குறைந்து வரும்போது ஹேண்டில் துடித்தால் முன்டயரின் தேய்மானம், வீல் பேலன்ஸ், கோன்செட் தளர்வு ஆகியவற்றின் மேல் சந்தேகம் விழும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் அதிர்ந்தால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். வேகத்தில் வண்டியே நெளிந்தால் ஸ்விங் ஆர்ம் புஷ், பின்டயர் காற்று, பெட்டியின் பாரம். பின் அச்சுக்கும் பின்னால் தொங்கும் பெட்டி முன்சக்கரத்தின் மீதுள்ள பாரத்தைக் குறைத்துவிடும். குறை பின்னால் இருக்க, பழி முன்னால் விழும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைக் குற்றம் சொல்பவர்களும் உண்டு. உடுமலை, பல்லடம் பக்கம் அந்தக் காற்று பைக்கைத் தள்ளுவது உண்மைதான். ஆனால் அது வண்டியை ஒழுங்கில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தும். குறிப்பிட்ட வேகம் வந்ததும் ஒவ்வொரு முறையும் ஹேண்டிலைத் துடிக்கவைக்காது.

அடுத்தது கையின் வேலை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் தளர்வு விரலுக்குத் தெரியும். ஹேண்டிலை மெல்லத் திருப்பும்போது நேர்நிலையில் 'டக்' என்று உட்கார்ந்தால், கோன்செட்டின் பால்ஸ் அதன் கிண்ணத்தில் குழி போட்டுவிட்டன. அப்போது மாற்றியே ஆக வேண்டும். குழியில்லாத வெறும் தளர்வுக்கு நட்டை அளவாக இறுக்கினால் போதும். அளவு மீறினால் மெதுவாகப் போகும்போதே வண்டி அலையும். ஸ்போக்கைத் தட்டி ஓசை கேட்பது, ரிம்மில் கோட்டம் பார்ப்பது, இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று நூல் பிடிப்பது, இவற்றில் எதற்கும் புதுப் பாகம் வேண்டியதில்லை. அதனாலேயே எதற்கும் காசு எழுதப்படுவதில்லை.

சர்வீஸ் சென்டரின் கம்ப்யூட்டர் சொல்லிவிடாதா என்று கேட்கலாம். அது இன்ஜினையும் ஏபிஎஸ் சென்சாரையும் படிக்கும்; கோன்செட்டின் தளர்வை அளக்க அங்கே சென்சார் இல்லை. ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் துடிப்பு அடங்கும் என்பதும் சரி. தேய்ந்த கோன்செட்டின் மேல் அதை மாட்டினால் அடங்குவது அறிகுறி மட்டும், தேய்மானம் தொடரும். வலுவான ஆட்சேபம் வேறு: பார்ப்பதற்கே காசு என்றால் சிலர் பார்க்காமலே காசு வாங்குவார்களே? பார்ப்பதற்குக் காசு கொடுப்பது புதிதல்ல; மருந்து எழுதாமல் அனுப்பும் டாக்டருக்கும் ஃபீஸ் கொடுக்கிறோம். ரட்ஜ் பைக்கைப் பிரித்துப் பார்த்து இயந்திரம் கற்ற ஜி.டி.நாயுடுவைக் கொண்டாடும் கோவை, பிரிப்பதற்கு முன் யோசிப்பவருக்குக் கூலி மறுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பார்க்காமலே வாங்கும் ஏமாற்று இன்றும் இருக்கிறது, பாகத்தின் விலைக்குள் ஒளிந்துகொண்டு. ஃபோர்க் தளர்வு, கோன்செட் குழி, ரிம் கோட்டம், இரு டயர்களின் காற்றளவு எல்லாவற்றையும் ரசீதில் எழுதச் சொன்னால் இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபார்க்கலாம். ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போகிறவருக்கு, 'கோன்செட் நன்றாக இருக்கிறது, பின்டயரில்தான் காற்றுக் குறைவு' என்று எழுதிய ரசீது அவசியமானது. அதற்கு அரை மணி நேரக் கூலி கேட்பவரிடம் பேரம் பேசக் கூடாது.